தாய்லாந்தில் பிறந்தநாள்: நல்லவரைப் புண்படுத்தாமல், பொல்லாதவரிடம் மாட்டாமல்

பிறந்தநாளைத் தாய்லாந்தில் கொண்டாடக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட், ஹோட்டல், படகு விருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சொதப்புவது அங்கே பழகும் உள்ளூர்க்காரர் விஷயத்தில்தான். ஏமாற்றுக்காரர் சிரித்துப் பேசினால், இன்றைக்குப் பிறந்தநாள் என்ற குஷியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறோம். நல்ல மனதோடு பழகுகிறவரிடமோ நம் ஊர்க் கூத்தை அப்படியே நடத்தி அவரைச் சங்கடப்படுத்திவிடுகிறோம்.

"இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது"

பாங்காக் கிராண்ட் பேலஸ் மதிலோரம் நடக்கும்போது, இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஒருவர் தானாக வந்து பேசுவார். எந்த ஊர், எத்தனை நாள் தங்கல் என்று விசாரிப்பார். அரண்மனை இப்போது மூடியிருக்கிறது, மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்பார். பிறந்தநாள் என்று நீங்கள் வாயைத் திறந்துவிட்டால் அவர் வேலை இன்னும் சுலபம்: "பிறந்தநாளா? அதிர்ஷ்ட புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது, இன்றைக்குத்தான் திறந்திருக்கும்." கையைத் தட்டினால் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) வந்து நிற்கும். ஊர் சுற்றிக் காட்ட வெறும் 20 பாட் (தாய்லாந்து நாணயம்).

அந்தக் காசு பெட்ரோலுக்கே காணாது. ஓட்டுநருக்கு வருமானம் கடை தரும் கமிஷனில் இருக்கிறது. கோயிலில் இன்னொருவர் "தற்செயலாக" அறிமுகமாகி, பக்கத்து ரத்தினக் கடையில் அரசுச் சலுகை இன்றோடு முடிகிறது, ஊருக்குப் போய் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பார். முதல் ஆளை நம்பாதவர்கள்கூட இந்த இரண்டாவது ஆளை நம்பிவிடுகிறார்கள். இருவரும் ஒரே கூட்டம் என்று தோன்றுவதில்லை. கடையில் தரும் கல் பெரும்பாலும் போலியாகவும் இருக்காது. மட்டமான கல்லைப் பல மடங்கு விலைக்கு விற்றிருப்பார்கள். அதனால்தான் பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

அரண்மனை காலை 8:30-க்குத் திறக்கும், மாலை 3:30 வரை டிக்கெட் கொடுப்பார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச சடங்குகளுக்காகச் சில நாள் மூடுவது உண்மைதான். ஆனால் அதை டிக்கெட் கவுன்ட்டரில்தான் கேட்க வேண்டும், நடைபாதையில் அல்ல. மாட்டிக்கொண்டால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? முதலில் பேச்சை யார் ஆரம்பித்தார் என்று பாருங்கள். சுற்றுலாத் தலத்தின் வாசலில் தானாக வந்து பேசுகிறவரைவிட, நீங்களாகப் போய் வழி கேட்ட பழக்கடை அக்காவும், சமையல் வகுப்பில் பக்கத்தில் நின்றவரும் நம்பத் தகுந்தவர்கள். அடுத்து, அவர் சொல்லும் இடத்தை மாற்றிப் பாருங்கள். "அந்தக் கடை வேண்டாம், எங்கள் ஹோட்டல் எதிரே இருக்கிற கடையில் சாப்பிடலாமே" என்றால் நல்லவர் சரி என்பார். கமிஷன்காரர் பிடிவாதம் பிடிப்பார், இல்லையென்றால் அவசர வேலை வந்து கிளம்பிவிடுவார்.

அந்த மணியை மட்டும் அடிக்காதீர்கள்

பட்டாயா, புக்கெட் பார்களில் கவுன்ட்டருக்கு மேல் ஒரு மணி தொங்கும். கயிறு கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும். பிறந்தநாள்காரரை "அடி, அடி" என்று உசுப்பேற்றுவார்கள். அடித்தால், அங்கே இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று உங்கள் கணக்கு. முப்பது பேர் இருந்து ஒரு கிளாஸ் 150 பாட் என்றால் 4,500 பாட். இது மோசடி இல்லை, அந்த ஊர் பார் வழக்கம். தெரியாது என்று வாதாடிப் பயனில்லை.

பாங்காக்கில் இரவு பார்கள் நிறைந்த பாட்பொங் பக்கம் "பீர் 100 பாட், நுழைவு இலவசம்" என்று மாடிக்கு அழைத்துப்போவது வேறு வகை. பில் ஆயிரக்கணக்கில் வரும், வாசலில் ஆட்கள் நிற்பார்கள். விலை அச்சிட்ட மெனு இல்லாத மாடிக்கு ஏறவே ஏறாதீர்கள்.

மது வாங்க வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். பத்தொன்பதாவது பிறந்தநாளை பாரில் கொண்டாடும் திட்டம் அங்கே செல்லாது. கடைகளில் மது விற்கும் நேரத்துக்கும், புத்த பண்டிகை நாள்களுக்கும் தனி விதிகள் உண்டு. 2025-இல் அவற்றைத் திருத்தினார்கள், நேரம் மீறிக் குடிப்பவருக்கும் அபராதம் வந்தது. அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் ஹோட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பருக்கு வேப் பரிசளிக்கும் எண்ணம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். மின் சிகரெட் அங்கே தடை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பீர் பாட்டிலின் லேபிள் தெரிகிற மாதிரி படம் எடுத்து, உள்ளூர் நண்பரை டேக் செய்து போடாதீர்கள். மது விளம்பரத் தடைச் சட்டத்தில் சாதாரண ஆட்களுக்கும் அபராதம் விழுந்திருக்கிறது. நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

முகத்தில் கேக், முதுகில் உதை

நம் ஊர்ப் பிறந்தநாளில் கேக்கை முகத்தில் அப்புவதும், ஃபோம் அடிப்பதும், நாலு பேர் தூக்கிப்பிடித்து உதைப்பதும் சகஜம். தாய்லாந்தில் தலை உடலிலேயே உயர்ந்த இடம், கால் தாழ்ந்த இடம். பெரியவர் தலையைத் தொடுவதே மரியாதைக் குறைவு. இப்போதுதான் பழகிய தாய் நண்பரின் தலையைப் பிடித்துக் கேக்கில் அமுக்கினால் அவர் சிரிப்பார். தர்மசங்கடத்திலும் அங்கே சிரிப்பார்கள். மறுநாள் மெசேஜுக்குப் பதில் வராது. உங்களுக்குள் விளையாடுவதென்றாலும் உணவகத்தில் வேண்டாம், காலைத் தூக்குகிற விளையாட்டு அறவே வேண்டாம்.

ஹோட்டல் அறையில் பூச்சட்டி மாதிரிப் பொறி விடும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினால் புகை அலாரம் அலறும். அதை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோகவும் முடியாது, விமானத்தில் வாணவேடிக்கைப் பொருள் எதற்கும் அனுமதி இல்லை.

கேக்கை அங்கே பவுண்டு கணக்கில் விற்கிறார்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு பவுண்டு தாராளம். வெளியே 35 டிகிரி வெயில், ஃபிரெஷ் கிரீம் என்றால் வெட்டுவதற்குச் சற்று முன்பு எடுத்தால் போதும். முட்டை சேர்க்காதவர்கள் "வெஜிடேரியன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் முட்டையும் ஜெலட்டினும் உள்ளே இருக்கும், சாப்பாட்டில் மீன் சாஸும் வரும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட "ஜே" பலகையைத் தேடுங்கள். அங்கே முட்டை, பால், மீன் சாஸ் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

பில் யார் கொடுப்பது

"எனக்குப் பிறந்தநாள், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நம் ஊர் ட்ரீட் மாதிரியேதான். கடைசியில் கால்குலேட்டரை எடுத்துப் பங்கு பிரிப்பது அழகாக இருக்காது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 7 சதவீத வரியும் சேரும். 1,000 பாட் என்று நினைத்த சாப்பாடு 1,177 ஆகும். வெளிக் கேக் கொண்டுவரலாமா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் மேஜை பதிவு செய்யும்போதே கேளுங்கள். வெளி மது பாட்டிலுக்கு அநேகமாகக் கட்டணம் இருக்கும்.

முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வது தாய் மக்களுக்குச் சுலபமில்லை. "நாளைக்கு எங்களோடு அயுத்தயா வர்றீங்களா?" என்றால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். "உங்களுக்கு வேலை இருக்கும், ஒருநாள் சாயங்காலம் ஒரு காபி மட்டும் போதும், எந்த நாள் வசதி?" என்று கேட்டால் அவர் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

என்ன கிழமை பிறந்தீர்கள்?

உள்ளூர் நண்பர் நிச்சயம் கேட்கும் கேள்வி இது. தேதியைச் சொல்லி விழிக்காமல் கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம். இப்போதைய மன்னரும் அவர் தந்தையும் திங்கட்கிழமை பிறந்தவர்கள், நாடெங்கும் மஞ்சள் கொடி பறப்பது அதனால்தான். கிழமைக்கு ஒரு புத்தர் நிலையும் உண்டு. செவ்வாய்க்குப் பள்ளிகொண்ட புத்தர், சனிக்கு நாகம் குடைபிடிக்கும் புத்தர். புதனுக்கு மட்டும் பகல், இரவு என்று இரண்டு. ஆகவே புதன்கிழமைக்காரர்கள் பிறந்த நேரத்தையும் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

அந்த ஊரில் பிறந்தநாள் காலை என்றால் பிக்குகளுக்கு அன்னமிடுவது. உங்களையும் அழைத்தால் போய்வாருங்கள், இரவு விருந்தைவிட இதுவே மேல். காலை ஆறு மணிக்கெல்லாம் சந்தை ஓரத்தில் இருக்க வேண்டும். சோறு, குழம்பு, தண்ணீர் பாட்டில், பூ சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள் அங்கேயே விற்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திரத்துக்குள் மெதுவாக வைக்க வேண்டும். பெண்கள் பிக்குவின் கையோ உடையோ படாமல் வைக்க வேண்டும். பிறகு குனிந்து கைகூப்பினால் அவர் ஆசீர்வதிப்பார், அந்த நேரத்தில் செல்ஃபி வேண்டாம். நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் உணவு உண்பதில்லை. மாலையில் கடைத்தெருவில் காவி கட்டிப் பணம் கேட்டு வருபவர் யார் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பிக்குகளுக்குத் தேவையான பொருள்களை நிரப்பிக் கோயிலுக்கு மஞ்சள் வாளி கொடுப்பார்கள்; அதைக் கடையில் கட்டிவைத்த பொட்டலமாகவே வாங்குவது, விஷயம் தெரிந்தவர்கள் தவிர்க்கும் தவறு. மேலே பளபளப்பு, அடியில் காலாவதியான பொருளும் அட்டை அடைப்பும். வெறும் வாளி வாங்கி பற்பசை, சவரக் கத்தி, சோப்பு, நோட்டு, காய்ச்சல் மாத்திரை என்று நீங்களே நிரப்புங்கள்.

கூண்டுக் குருவியை வாங்கிப் பறக்கவிட்டால் புண்ணியம் என்று கோயில் வாசலில் விற்பார்கள். விடுவிப்பதற்கென்றே வலைபோட்டுப் பிடித்த குருவிகள் அவை, வாங்கினால் நாளைக்கு இன்னொரு வலை விழும். வான விளக்கு விடவும் அனுமதி வேண்டும், விமான நிலையப் பக்கம் கூடவே கூடாது.

நம் வழக்கப்படி அர்ச்சனை செய்ய விரும்பினால் பாங்காக் சீலோம் சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. டாக்ஸிக்காரரிடம் "வாட் கெக்" என்றால்தான் புரியும்.

நேரமும் பரிசும்

தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவில் கேக் வெட்டும்போது சென்னையில் இரவு 10:30. வீட்டில் பன்னிரண்டுக்குக் காத்திருந்து கூப்பிட்டால் உங்களுக்கு 1:30, பல கடைகள் மூடியிருக்கும், ஹோட்டலில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நண்பர் தரும் பரிசை அவர் எதிரே கிழித்துப் பார்க்காதீர்கள், நன்றி சொல்லி எடுத்துவைத்துக்கொண்டு பிறகு பிரியுங்கள். உள்ளே புத்தர் சிலை இருந்தால் அப்படியே பெட்டியில் போட்டுக் கிளம்ப முடியாது. நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தாய்லாந்து நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், வாங்கச் சில வேலை நாள்கள் ஆகும். கழுத்தில் அணியும் சிறு தாயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மறுநாளே விமானம் என்றால் விஷயத்தை நண்பரிடமே சொல்லி, சிலையை அவர் வீட்டில் வைத்திருக்கக் கேளுங்கள்.