ஓட்டு எண்ணுற அன்னைக்கு டிவி பாக்குறது எப்படி

மொதல்லயே சொல்லிடுறேன், காலைல எட்டே முக்காலுக்கு டிவில வர்ற நம்பர பாத்துட்டு யாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்துறாதீங்க. நான் ஒரு தடவ எங்க தெருவுக்கே ஜிலேபி குடுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் வாசப்பக்கம் எட்டிப் பாக்கல.

எட்டு மணிக்கு எண்ண ஆரம்பிக்கிறது தபால் ஓட்டு, எலெக்‌ஷன் டூட்டில இருந்த அரசு ஊழியர், போலீஸ், ராணுவத்துல இருக்கவங்க போட்டது, 2021ல 80 வயசு தாண்டினவங்களும் இதுல சேந்தாங்க. அத வச்சு ஊர் மனச கணிக்க முடியாது. மிஷின் எட்டரைக்குதான் வெளிய வரும். அதனால நிதானமா குளிச்சு டிபன் சாப்ட்டு வாங்க.

அப்புறம் ரவுண்டு கணக்கு, இது புரிஞ்சா போதும் பாதி டென்ஷன் போயிரும். வழக்கமா ஒரு தொகுதிக்கு 14 மேசை, ஒரு ரவுண்டுல 14 பூத் எண்ணுவாங்க, அதுவும் பூத் நம்பர் வரிசைல. அப்ப மொத ரவுண்டுல யாரு லீடுன்னா தொகுதியோட ஒரு மூலைல யாரு லீடுன்னு மட்டும்தான் அர்த்தம், டவுன் பக்கம் முடிஞ்சு கிராமம் தொறக்குறப்ப எல்லாம் தலைகீழா மாறும். உங்க தொகுதில எந்த நம்பர் பூத் எந்த ஏரியானு முன்னாடியே பாத்து வச்சுக்கங்க, இல்லனா ஏஜெண்டா உக்காந்த யாராவது பெரியப்பா சித்தப்பா இருந்தா கேளுங்க, அவங்களுக்கு மனப்பாடமா தெரியும்.

லீட தனியா பாக்காதீங்க, பாக்கி எத்தன ரவுண்டுனு சேத்துப் பாருங்க. ஒரு பூத்ல 700 ஓட்டு விழுந்துருக்குன்னா ஒரு ரவுண்டுக்கு 9,800. பாக்கி ஆறு ரவுண்டுன்னா 58,800 ஓட்டு இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு, இதுல 4,000 லீடுலாம் ஒரு லீடா? அதே 4,000 கடைசி ரவுண்டுக்கு முன்னாடின்னா பட்டாச எடுத்து வெளிய வைக்கலாம், ஆனா கொளுத்தாதீங்க.

ஏன் சொல்றேன்னா 2021 மே 2 ஞாபகம் இருக்கும்ல. காட்பாடில துரைமுருகன் ரவுண்டுக்கு ரவுண்டு பின்னாடியே போய்ட்டு இருந்தாரு, கடைசில 746 ஓட்டுல கரை ஏறுனாரு. கோவை தெற்குல பல ரவுண்டு கமல் முன்னிலை, முடிவுல வானதி சீனிவாசன் 1,728ல ஜெயிச்சாங்க. தி.நகர்ல வித்தியாசம் வெறும் 137, அது ஒரு அபார்ட்மெண்ட் ஓட்டு. இன்னொரு பக்கம் எடப்பாடில பழனிசாமிக்கு 93,000க்கு மேல வித்தியாசம், அங்கலாம் மதியமே டிவிய ஆஃப் பண்ணிருக்கலாம்.

மிஷின் முடிஞ்சாலும் உடனே அறிவிக்க மாட்டாங்க, தொகுதிக்கு அஞ்சு பூத் குலுக்கிப் போட்டு எடுத்து விவிபேட் சீட்ட, அதாவது ஓட்டு போட்டப்ப யாருக்குனு மிஷின் அச்சடிச்ச சீட்ட, எண்ணிப் பாப்பாங்க. லேட் ஆகுதேனு உடனே தில்லுமுல்லுனு வாட்ஸ்அப்ல கெளப்பி விடாதீங்க ப்ளீஸ்.

மாநில கணக்குக்கு ஒரே நம்பர், 234 தொகுதில 118 ஜெயிச்சா ஆட்சி. இங்கயும் ஒரு விஷயம், கூட்டணி நம்பரும் கட்சி நம்பரும் வேற வேற, டிவிக்காரங்க ரெண்டையும் கலந்து காட்டுவாங்க. 2021ல திமுக கூட்டணி 159, திமுக மட்டும் 133, அதனால தனியாவே ஆட்சி. அந்தப் பக்கம் கூட்டணி 75, அதிமுக 66.

ஜெயிச்ச அன்னைக்கே ஆட்சி மாறிடாது. மே 3 பழனிசாமி ராஜினாமா, 4ம் தேதி திமுக எம்எல்ஏக்கள் கூடி ஸ்டாலின சட்டமன்ற கட்சித் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க, அப்புறம் கவர்னர்கிட்ட கடிதம், 7ம் தேதிதான் பதவியேற்பு. பெண்களுக்கு டவுன் பஸ்ல இலவசம்ங்கிற ஆர்டர்ல கையெழுத்து போட்டது அன்னைக்குதான். நடுவுல அந்த நாலஞ்சு நாள் பழைய முதல்வர்தான் காபந்து.

எங்க தெருல யாரு காலை வாருனாங்கனு டீக்கடைல சண்ட வந்தா, அவசரப்படாம பூத் வாரியா இருக்குற ஃபார்ம் 20 வர்ற வரைக்கும் பொறுங்க, தலைமை தேர்தல் அதிகாரி வெப்சைட்ல போடுவாங்க. உங்க பூத் நம்பர தேடி ப்ரிண்ட் எடுத்துட்டு கடைக்குப் போங்க.