ட்ராக்பேடை ஸ்டிக் ஆக்காதீர்கள்

"ஏண்ணே, இந்த ரெண்டு சதுரமும் எதுக்கு? சும்மா அழகுக்கா வச்சிருக்கான்?"

பாளையங்கோட்டையில் சித்தி மகன் கேட்டது. கையில் ஸ்டீம் டெக், கையில் பிடித்து ஆடும் கேம் கணினி. வாங்கி ஒரு மாசமாகியும் அந்தச் சதுரங்களை, அதாவது விரலால் தேய்க்கிற ட்ராக்பேடைத் தொடவில்லையாம். செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். வலது பேடை, கட்டைவிரலால் சாய்க்கிற ஜாய்ஸ்டிக் மாதிரி வேலை செய்ய மாற்றி வைத்திருந்தான். ட்ராக்பேடைத் திட்டுகிற முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறு இதுதான்.

ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருக்கும் வரை கேமரா திரும்பிக்கொண்டே இருக்கும். விட்டால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். ட்ராக்பேடில் விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் நகரும், நின்றால் நிற்கும். அதாவது அது மவுஸின் தம்பி. அதை ஸ்டிக் ஆக்கினால் ஸ்பிரிங்கும் இல்லை, நடு எதுவென்று விரலுக்கும் தெரியாது. 'மவுஸ்' என்று மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் தடுமாறினான், அப்புறம் பேச்சையே காணோம்.

ஆனால் ஒன்று: சில கேம்கள் மவுஸையும் கன்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்காது. திரையில் பட்டன் படம் ஒரு நொடி கன்ட்ரோலரின் 'ஏ' என்றும் மறு நொடி கீபோர்டு எழுத்தாகவும் மினுக்கும். அங்கே மட்டும் ஜாய்ஸ்டிக் செட்டிங்குக்குப் போகலாம், வேறு வழியில்லை.

அடுத்தது வேகம். எடுத்த எடுப்பில் சென்சிட்டிவிட்டியை ஏற்றிவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து ஓரம் ஒருமுறை தேய்த்தால் ஆள் பாதி வட்டம் திரும்பினால் போதும். மிச்சத்துக்கு ட்ராக்பால் மோட் இருக்கிறது. சுண்டிவிட்டு விரலை எடுத்தால் பம்பரம் மாதிரி உருண்டு தானாக அடங்கும். விரல் நகரும்போது பேட் தருகிற அந்தக் குட்டி அதிர்வையும் அணைக்காதீர்கள். எவ்வளவு நகர்ந்தோம் என்று விரல் எண்ணுவதே அதை வைத்துத்தான்.

எல்லா கேமுக்கும் இது வேண்டும் என்பதும் தப்பு. சண்டை கேமுக்கு டி-பேட், அதாவது நாலு திசை பட்டன் போதும். ஊர் கட்டிப் படை திரட்டுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடிப் பாருங்கள், அங்கேதான் இதன் அருமை தெரியும். வலது பேடில் ஆட்களை வளைத்துப் பிடிக்கலாம். இடது பேடில், தொட்டால் திரையில் பட்டன்களைக் காட்டும் ஒரு டச் மெனு வைத்து, ஊரின் முக்கியக் கட்டடமான டவுன் சென்டருக்கான 'ஹெச்' கீயை அதில் போட்டுவிட்டால் கீபோர்டைத் தேட வேண்டாம்.

2013-ல் பிளேஸ்டேஷன் 4-ன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-ல் வந்த டச்பேடை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நடுவில் இருக்கிறது. கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டுத்தான் அங்கே போக வேண்டும். குறி பார்க்க லாயக்கில்லை, மேப் திறக்க நல்லது.

கடைசியாக, நம்மூர்த் தவறு. திருநெல்வேலி டவுனிலிருந்து சித்தப்பா அல்வா வாங்கி வந்த அன்று, இலையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்த கையோடு ஆட உட்கார்ந்தான். நெய்யில் கட்டைவிரல் ஒட்டி ஒட்டி இழுத்தது. சித்திரை வெயிலில் வேர்த்த விரலும் அப்படித்தான், குறி எங்கேயோ தாவும். "பேட் போச்சுண்ணே" என்று போன் பண்ணினான். துண்டை எடுத்துத் துடைக்கச் சொன்னேன்.