பனிக்கட்டி, தண்ணீர், நீராவி: மூவொரு கடவுளைத் தியானிக்கும்போது சறுக்கும் இடங்கள்

தந்தை, மகன், தூய ஆவியார் என மூவராக இருக்கும் ஒரே கடவுளை விளக்க, மறைக்கல்வி வகுப்பில் நானும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "பனிக்கட்டி, தண்ணீர், நீராவி, மூன்றும் ஒன்றுதானே? மூவொரு கடவுளும் அப்படித்தான்." பிள்ளைகள் உடனே தலையாட்டினார்கள். அவ்வளவு சுலபமாகப் புரிந்ததிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரே தண்ணீர் மூன்று வடிவம் எடுக்கிறது என்றால், ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் ஆகும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்ற போதகர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், திருச்சபை ஏற்கவில்லை. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெறும் காட்சியைப் பாருங்கள். மகனாகிய இயேசு ஆற்றிலிருந்து கரையேறுகிறார், ஆவியார் புறாவைப் போல இறங்குகிறார், வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனியில் "அப்பா, தந்தையே" என்று இயேசு மன்றாடியதும் தனக்குத் தானே பேசிக்கொண்டது அல்லவே.

சரி, தந்தை சூரியன், மகன் அதன் கதிர் என்ற உவமை? அதில் பாதி சரி. 'ஒளியினின்று ஒளியாக' என்று திருப்பலியில் நாம் சொல்லும் விசுவாச அறிக்கையே மகனைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் மகனைத் தந்தைக்கு ஒரு படி கீழே வைத்துவிடும் ஆபத்து அதில் உண்டு. மகன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குரு கிளப்பிய வாதத்துக்கு 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தந்த பதில்: 'தந்தையோடு ஒரே பொருளானவர்'.

மும்மூர்த்திகளைப் போலப் படைப்பு ஒருவருக்கு, மீட்பு ஒருவருக்கு என்று வேலை பிரிப்பதும் சரிவராது. மூவரின் செயலும் ஒன்றே.

தமிழில் நமக்கென்றே இன்னொரு சறுக்கல் இருக்கிறது. 'ஆவி' என்றதும் நம் மனதில் வருவது இட்லிப் பானையில் எழுவது, அல்லது பேய்க்கதையில் அலைவது. "ஆவி இறங்கியது" என்று அஃறிணையில் பேசிப் பழகினால், தியானத்திலும் அவர் மின்சாரம் மாதிரி ஒரு சக்தியாகவே தங்கிவிடுவார். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு 'தூய ஆவியார்' என்று எழுதியது சும்மா மரியாதைக்காக மட்டும் அல்ல என்பது என் எண்ணம். தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனை பெறுகிறவர் என்று 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் ஆயர்கள் அறிக்கையிட்டார்களே, அது முழுவதும் அந்த 'ஆர்' விகுதிக்குள் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சறுக்கல், மூவொரு கடவுள் ஒரு 'மறைபொருள்', அதாவது அறிவால் முழுதும் அளக்க முடியாத உண்மை, என்றதும் விடுகதையை அவிழ்க்கிற மாதிரி கணக்குப் போட உட்காருவது. ஒன்றும் ஒன்றும் ஒன்றும் எப்படி ஒன்றாகும் என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்தால் தலைவலிதான் மிச்சம். இதுவும் என் அனுபவம். இப்போதெல்லாம் நான் சிலுவை அடையாளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கோயில் வாசலில் ஈ ஓட்டுகிற வேகத்தில் போடுவோமே, அதையே மெதுவாக. நெற்றியில் தந்தை, மார்பில் மகன், தோள்களில் தூய ஆவியார். கடைசியில் 'பெயராலே' என்று வரும்போது கொஞ்சம் நிற்கிறேன். மூவரைச் சொன்ன பிறகும், அது 'பெயர்களாலே' இல்லை.