கூடுதல் நேரத்துக்குப் போன இறுதியாட்டத்தை எப்படிப் பார்ப்பது

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் ஆடவர் கூடைப்பந்து இறுதியாட்டம் சமனில் முடிந்தால், நான் முதலில் தேடுவது பேனாவும் தாளும்தான். யாருக்கு எத்தனை ஃபவுல் (விதிமீறல்) என்று நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் நேரம் ஐந்தே நிமிடம், ஆனால் பழைய கணக்கு எதுவும் அழியாது. நான்கு ஃபவுலோடு இருப்பவர் இன்னொன்று செய்தால் வெளியே. அணியின் ஃபவுல் எண்ணிக்கையும் இரண்டாம் பாதியிலிருந்து அப்படியே தொடரும். அந்த எண்ணிக்கை கூடினால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும்: கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறியலாம், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அதனால்தான் இந்த ஐந்து நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அத்தனை மதிப்பு.

பழகுவதற்கு 2008இல் சான் அன்டோனியோவில் கான்சஸும் மெம்ஃபிஸும் ஆடிய இறுதியாட்டத்தை எடுங்கள். கூடுதல் நேரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் மீதமிருக்கும் இடத்திலிருந்து ஓடவிடுங்கள். மெம்ஃபிஸ் ஒன்பது புள்ளி முன்னிலையில் இருக்கும். கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் அவர்கள் எறிந்த ஐந்து ஃப்ரீ த்ரோவில் நான்கு தவறின. மெம்ஃபிஸ் 63, கான்சஸ் 60. இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசியுங்கள்: மூன்று புள்ளி முன்னிலை இருக்கும்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்தால், எதிரணிக்கு இரண்டு எறிதல்தான் கிடைக்கும். அந்த ஃபவுல் விழவில்லை. கான்சஸின் ஷெரன் காலின்ஸ் தடுமாறியபடியே பந்தைத் தள்ளிவிட, அதே அணியின் மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி வளைவின் உச்சியிலிருந்து எறிந்தார். 2.1 நொடி மிச்சம், 63-63. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பந்து வளையத்துக்குள் இறங்கும்வரை எனக்கு மூச்சு விட முடியாது. பிறகு கூடுதல் நேரத்தில் கான்சஸ் 12-5 என்று அடித்து, 75-68க்கு வென்றது.

அடுத்து 2019 மினியாபொலிஸ், வர்ஜீனியாவும் டெக்சஸ் டெக்கும். 68-68இல் நின்ற ஆட்டம். வர்ஜீனியா கூடுதல் நேரத்தில் எடுத்த 17 புள்ளிகளில் 12 ஃப்ரீ த்ரோவில் வந்தவை; எறிந்ததும் பன்னிரண்டுதான், ஒன்றுகூடத் தவறவில்லை. வெளியே போன பந்து கடைசியாக டெக்சஸ் டெக் வீரர் டாவிடே மொரெட்டியின் சுண்டுவிரலில் பட்டதா என்று நடுவர்கள் ரிப்ளே பார்க்கும் இடத்தை மெதுவாக ஓடவிடுங்கள். பட்டது, பந்து வர்ஜீனியாவுக்குப் போனது. முடிவு 85-77.

ஃப்ரீ த்ரோ எறிபவரின் முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். கால் களைத்துவிட்டால் மடக்கம் குறையும், பந்து வளையத்தின் முன்விளிம்பில் முட்டும். 1957இல் வட கரோலினாவும் கான்சஸும் மூன்று கூடுதல் நேரம் ஆடின. வட கரோலினா அதற்கு முந்தைய இரவு அரையிறுதியிலும் மூன்று கூடுதல் நேரம் ஆடிய அணி. அந்தக் கால்களோடு ஜோ க்விக் கோட்டில் நின்று, ஆறு நொடி இருக்கையில் இரண்டையும் போட்டார். 54-53.