சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்: பழைய ஐகான் காரில் கூலன்ட் ஒழுகல்

"சார், உங்க வண்டிக்கு அடியில பச்சையா தண்ணி நிக்குது" என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்ன அன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் டேங்கில் (எக்ஸ்பான்ஷன் டேங்க்) அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். அது முதல் தப்பு. சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ரேடியேட்டரின் மூலை இருந்ததால் ரேடியேட்டரையே மாற்றினேன். அது இரண்டாவது தப்பு. ஆயிரங்கள் போயின, ஒழுகல் போகவில்லை.

வண்டி 2003 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6, மறைமலை நகரில் பிறந்தது. என்னைக் கேட்டால் இது ஸ்போர்ட்ஸ் கார்தான், சிரிப்பீர்கள். விளம்பரத்தில் ஜோஷ் மெஷின் என்றுதான் போட்டார்கள். அந்த எடைக்கு 92 குதிரைத்திறன் என்ன செய்யும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கீழே கிடப்பது கூலன்ட்தானா என்று பாருங்கள். சென்னையில் பாதி "லீக்" ஏசி தண்ணீர்தான். அது நிறமில்லாதது, காய்ந்தால் தடம் இருக்காது. கூலன்ட் விரலில் வழுவழுக்கும், லேசாக இனிப்பு வாசம் வரும். நாக்கில் வைத்துவிடாதீர்கள், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தெரு நாயும் பூனையும் அந்த இனிப்புக்கு வந்து நக்கும், அதனால் சிந்தியதை உடனே கழுவி விடுங்கள்.

அடுத்தது, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் எக்ஸ்பான்ஷன் டேங்கில் மட்டம் எங்கே என்று மார்க்கரால் கோடு போடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். மூன்று நாள் பொறுமையாகப் பார்த்தால், எவ்வளவு குறைகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துவிடும். கத்திப்பாரா நெரிசலில் டாஷ்போர்டின் வெப்ப முள் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்குகிறது, ஆனால் மட்டம் கோட்டை விட்டு இறங்கவே இல்லை என்றால் கசிவைத் தேடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேனையும் அதன் ரிலேவையும் பாருங்கள். சூடான வண்டியில் டேங்க் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாக உங்கள் முகத்துக்கு வரும்.

இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே தேடுங்கள். நான் கீழிருந்து மேலே தேடினேன், அதனால்தான் ஏமாந்தேன். கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிவு நிற்கும், அதைப் பின்தொடருங்கள். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை எல்லாம் பாருங்கள். பக்கத்து சீட்டின் கால்மிதி ஈரமாக இருந்து, உள்ளே அந்த இனிப்பு வாசமும் வந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர். என் வண்டியில் சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்த பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் மயிரிழை விரிசல் (தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு, ஹவுசிங் அதன் கூடு). அங்கே கசிந்தது ஹோஸ் மேலேயே வழிந்து ரேடியேட்டர் மூலையில் போய்ச் சொட்டியிருக்கிறது. டார்ச் பிடித்த மகள்தான் "அப்பா, இங்க பாசி பிடிச்சிருக்கு" என்றாள்.

கண்ணில் படவில்லை என்றால், டேங்க் மூடியின் இடத்தில் பொருத்தும் பிரஷர் டெஸ்டர் ஒன்றை மெக்கானிக்கிடம் கேளுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் காற்று அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். டெஸ்டரின் முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லையா? ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரிப் படிவு, விடாமல் வரும் வெள்ளைப் புகை, டேங்கில் குமிழ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

ஹவுசிங் ஜி.பி. ரோட்டில் புதிதாகவே கிடைத்தது. புதுப்பேட்டையில் பழையது மலிவு, ஆனால் வெந்த பிளாஸ்டிக்குக்கு வெந்த பிளாஸ்டிக்கையே மாற்றுவதில் அர்த்தமில்லை. கூலன்டை ஒரு பக்கெட்டில் வடித்து, ஹெட்டின் முகத்தைக் கீறாமல் துடைத்து, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு மாட்டுங்கள். சீலன்ட் பூசத் தேவையில்லை. சின்ன போல்ட்கள்தான், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வீரத்தைக் காட்டினால் புது ஹவுசிங்கும் விரியும். கையோடு ஹோஸ் கிளிப்பையும் புதிதாகப் போட்டுவிடலாம்.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேணாம், கழட்டிடலாம் சார்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஒழுகலை அடைக்க லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் போடும் மஞ்சள் தூளும் வேண்டாம். நடு ரோட்டில் நின்றவனுக்கு அது கைகொடுக்கலாம், நம் ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும்.

கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. இங்கே தண்ணீர் உறையாதே, எதற்குக் கூலன்ட் என்று கேட்பார்கள். துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை ஏற்றுவதற்கும். போர் தண்ணீரின் உப்பு உள்ளே என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டு பக்கெட்டின் ஓரமே சாட்சி. வேறு வகைக் கூலன்டோடு கலக்காதீர்கள். மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். காற்று வெளியேற இதுதான் வழி. நான் செய்தது மே மாதம், வேர்த்து ஊற்றியது. அப்புறம் முழுக்க ஆறவிட்டு மட்டத்தைச் சரி செய்யுங்கள்.

முதல் இரண்டு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கும், மிச்சக் காற்று போகிறது. மூன்றாம் நாளிலிருந்து என் கோடு அசையவில்லை. இப்போது அடியில் நிற்பது ஏசி தண்ணீர் மட்டும். வாட்ச்மேன் அண்ணன் அதையும் விடாமல் வந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.