மழை விடுமுறை விட்டால் என்ன செய்வது? வகுப்பறைச் செயல்பாட்டை வீட்டுக்கு அனுப்பும் முறை (1 முதல் 3-ம் வகுப்பு ஆசிரியர்களுக்கு)

கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் பூட்டிய எங்கள் தொடக்கப் பள்ளி, 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு காலம் திரும்ப வரவேண்டாம். ஆனால் புயல், வெள்ளம், கடும் வெயில் என்று வருடத்தில் பத்து நாளாவது பள்ளி மூடத்தான் செய்கிறது. அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்கு எதை அனுப்பலாம், எப்படி அனுப்பலாம் என்று புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நான் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் என் தவறு. ஊரடங்கின் முதல் மாதத்தில் கரும்பலகை முன் நின்று இருபது நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெற்றோர் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள். பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கத் தொடங்கிய பிள்ளையும் இரண்டு நிமிடத்தில் கார்ட்டூனுக்குப் போயிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை நம் வகுப்பில் எதைக் கேட்டுக் கற்கிறது? குச்சியை எண்ணுகிறது, அட்டையைப் பொருத்துகிறது, எழுந்து ஓடி வந்து பலகையில் வட்டம் போடுகிறது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்த நாளிலிருந்து, இன்றைய எண்ணும் எழுத்தும் திட்டம் வரை, தொடக்க வகுப்பு நடப்பது கையால்தான். அந்தக் கைவேலையை விட்டுவிட்டு என் பேச்சை மட்டும் வீட்டுக்கு அனுப்பினேன். அதனால்தான் அது போய்ச் சேரவில்லை.

படி 1: வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் டச் போனா, பட்டன் போனா, போனே இல்லையா? போன் யாருடையது? அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? பகலில் பிள்ளையோடு இருப்பது பாட்டியா, அக்காவா? எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கற்றல் நிலைகளில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?

போன் இருக்கிறது என்பதும் பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2021-ல் வந்த அசர் என்ற கல்வி ஆய்வு அறிக்கையின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 68 பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அப்படி போன் இருந்த வீட்டிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கு எட்டவில்லை. என் வகுப்பில் காரணம் எளிமையானது. அப்பா போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். திரும்ப ஏழு மணி ஆகும். பகல் பதினோரு மணிக்கு நான் நேரலை வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்?

படி 2: செயல்பாட்டைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு தானாக வரும்.

வகுப்பில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு செயல்பாட்டை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளையின் கை என்ன செய்கிறது? வாய் என்ன சொல்கிறது? நான் எதைப் பார்த்து, இவனுக்குப் புரிந்துவிட்டது என்று முடிவு செய்கிறேன்?

உதாரணத்துக்குப் பத்துக் கட்டு. கை, ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுகிறது. வாய், "ரெண்டு கட்டு இருபது, மூணு குச்சி, இருபத்து மூணு" என்கிறது. நான் பார்ப்பது, கட்டைப் பிரிக்காமலே இருபது என்று சொல்கிறானா என்பதை. இந்த மூன்றும் வீட்டில் நடந்தால் போதும். கரும்பலகை வேண்டாம், வீடியோ வேண்டாம், நம் முகம்கூட வேண்டாம். குச்சியும் ஒரு குரலும் இருந்தால் பாடம் நடக்கும்.

சில செயல்பாடுகள் வீட்டுக்குப் போகாது. நான்கு பேர் சேர்ந்து ஆடும் அட்டை விளையாட்டு, குழுவாக நடிப்பது போன்றவை. அவற்றை வலிந்து அனுப்பாதீர்கள். பள்ளி திறந்ததும் செய்துகொள்ளலாம்.

படி 3: பை

மழைக்காலம் தொடங்கும் முன், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், பிள்ளைக்கு ஒரு துணிப்பை தயாராக இருக்கட்டும். ஊரடங்கில், சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பு வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாளில் இதையும் சேர்த்துக் கொடுத்தோம். என் பையில் இருப்பவை:

- ஒரே அளவாக வெட்டிய ஈர்க்குச்சி 50, ரப்பர் பேண்ட் 5
- கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 30
- பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய எழுத்து அட்டைகள், அன்றைக்கு நடக்கும் பாடத்துக்குரியவை மட்டும்
- 10, 20, 30, 40, 50 என்று எழுதிய நீள அட்டைகள், 1 முதல் 9 வரை எழுதிய பாதி அளவு அட்டைகள்
- சாக்பீஸ் நான்கு துண்டு

எங்கள் பக்கத்தில் ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தில் பச்சை முந்திரிக்கொட்டையை எண்ணக் கொடுத்துவிட்டார். அதன் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். வேண்டவே வேண்டாம். பலாக்கொட்டை நல்லது. வீட்டில் வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் தம்பி, தங்கை இருந்தால் சின்ன விதைகளை விட்டுவிட்டு அதைக் கொடுங்கள்.

படி 4: குரல் பதிவு

வாட்ஸ்அப்பில் மைக் பொத்தானை அழுத்தி அப்படியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டுப் பேசலாம். முடித்ததும் அனுப்பும் முன் ஒரு முறை போட்டுக் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவில் அதன் இரைச்சல் நமக்குத் தெரிவதைவிட அதிகம் கேட்கும்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நான் அனுப்பிய ஒரு பதிவை அப்படியே எழுதுகிறேன்:

"ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களா, டீச்சர் பேசறேன். சாப்பிட்டாச்சா? சரி, பையில இருக்கிற குச்சிய எல்லாம் தரையில கொட்டுங்க. (இங்கே ஐந்து எண்ணும் வரை நான் பேசமாட்டேன்.) கொட்டியாச்சா? இப்ப கண்ண மூடிக்கிட்டு ஒரு கைப்பிடி அள்ளுங்க. எத்தனை இருக்கும்? எண்ணாம வீட்ல யார்கிட்டயாவது சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? இப்ப பத்துப் பத்தா கட்டுங்க. கட்டி முடிச்சதும் எத்தனை கட்டு, எத்தனை தனிக் குச்சின்னு எனக்குப் பேசி அனுப்புங்க. கட்டறதுக்கு நேரமானா பரவாயில்ல, நாளைக்குக்கூட அனுப்பலாம்."

இதில் இரண்டைக் கவனியுங்கள். ஒரு மூச்சில் ஒரு வேலைதான் சொல்கிறேன். "கொட்டி, எண்ணி, கட்டி, எழுதி அனுப்பு" என்று கோர்த்துச் சொன்னால் பிள்ளைக்குக் கடைசி வேலை மட்டும்தான் நினைவில் நிற்கும். இரண்டாவது, அந்த மௌனம். வகுப்பில் நாம் இயல்பாகக் காத்திருப்போம், பதிவு செய்யும்போது மறந்துபோவோம்.

பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள். வகுப்பில் கேட்ட அதே குரல், அதே பேச்சு என்றால்தான் பிள்ளை ஓடிவரும்.

படி 5: அனுப்பும் நேரம், அளவு

ஒரு நாளைக்கு ஒரே செயல்பாடு. மாலை ஏழு மணிக்கு மேல். அவ்வளவுதான். நேரலை வகுப்பு வைத்தாக வேண்டும் என்று மேலிடம் சொன்னால், 2020 ஜூலையில் இணையவழி வகுப்புகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலை நினைவில் வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளுக்கு இரண்டு அமர்வுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்தான் என்கிறது அது. என்னைக் கேட்டால் இரண்டாம் வகுப்புக்கு அதுவே அதிகம்.

வாட்ஸ்அப் குழுவில், நிர்வாகி மட்டும் பதிவிடலாம் என்று அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் உங்கள் பதிவு புதைந்துபோகாது. பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே பதிவைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வைத்தும் அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். பாதிப் பெற்றோர் சேமித்திருக்கமாட்டார்கள், முதலில் அதைக் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

படி 6: பதிலை வாங்குவது, பதில் சொல்வது

பிள்ளையின் பதில் குழுவுக்கு வரக் கூடாது, உங்கள் எண்ணுக்குத் தனியாக வரவேண்டும். குழுவில் வந்தால் முதலில் முடித்த நான்கு பேரின் அம்மாக்கள் மகிழ்வார்கள், மற்ற வீடுகளில் பிள்ளைக்கு அடி விழும். இது நடந்தது, அதனால் சொல்கிறேன். படம் கேட்டால் கையும் குச்சியும் மட்டும் தெரிகிற படம் கேளுங்கள், முகம் வேண்டாம்.

படத்தோடு நிற்காமல் குரலும் கேட்பது ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். ஒரு பாப்பா படம் அனுப்பினாள். தரையில் இரண்டு கட்டு, பக்கத்தில் மூன்று குச்சி, அழகாக அடுக்கியிருந்தாள். சிலேட்டில் 203 என்று எழுதியிருந்தது. படத்தை மட்டும் பார்த்திருந்தால் தப்பு என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருப்பேன். அவள் குரலைக் கேட்டேன். "இருபது, அப்புறம் மூணு, இருபத்து மூணு." அவளுக்கு எண் சரியாகத் தெரிந்திருக்கிறது. காதில் விழுந்தபடி 20 எழுதி, அதன் பக்கத்தில் 3 எழுதியிருக்கிறாள். எழுதும் முறைதான் பிடிபடவில்லை.

உடனே போன் போட்டேன். பாட்டிதான் எடுத்தார்கள். "பாப்பா, பையில 20 எழுதுன நீள அட்டைய எடு. 3 எழுதுன குட்டி அட்டைய எடு. குட்டி அட்டைய அந்தப் பூஜ்யத்து மேல வை. மூடிடுச்சா? இப்ப என்ன தெரியுது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டீச்சர், பூஜ்யம் உள்ள ஒளிஞ்சுக்கிச்சு" என்றாள். அன்றைக்கு ராத்திரி 31, 42, 17 என்று மூன்று படம் வந்தது, நான் கேட்காமலே.

நான் அனுப்பும் பதிலும் குரல்தான். 'சூப்பர்' என்று ஒரு கட்டைவிரல் போட்டு முடிக்காதீர்கள். பெயர் சொல்லி, அவள் செய்ததில் ஒன்றைச் சொல்லுங்கள்: "கட்டெல்லாம் ஒரே அளவா கட்டியிருக்க, கண்ணு." பதினைந்து வினாடி போதும். முப்பது பிள்ளைக்கு முப்பது பதில் தினமும் முடியாது. ஒரு நாளைக்கு ஆறு பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும்.

படி 7: மொழிக்கு

ல, ள, ழ மூன்றும் குரல் பதிவுக்கென்றே பிறந்தவை. "பல்லி, பள்ளி", "வலி, வழி" என்று மெதுவாகச் சொல்லி, பிள்ளை அதற்குரிய எழுத்து அட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும். சமையல்கட்டுக்குப் போய் 'க' வரிசையில் தொடங்கும் ஐந்து பொருள் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். கடுகும் கரண்டியும் எல்லா வீட்டிலும் கிடைக்கும். பாட்டியிடம் ஒரு கதை கேட்டு அதைத் தன் குரலில் அனுப்பச் சொன்னால், எழுதத் தெரியாத அரும்புப் பிள்ளையும் வாய் நிறையப் பேசி அனுப்பும்.

கோலம் போடும் வீடு என்றால் பெருக்கலும் வாசலிலேயே இருக்கிறது. நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. மொத்தம் எத்தனை?

படி 8: போன் இல்லாத வீடு

இவர்களைக் கடைசிப் படியில் எழுதுகிறேனே தவிர, வேலையில் இவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டன் போன் இருந்தால் அழைத்து, இன்னொரு எண்ணையும் இணைத்து, மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே அழைப்பில் சேர்க்கலாம். பத்து நிமிடத்தில் ஒரு செயல்பாடு முடிந்துவிடும். ஒருவர் பதிலை மற்றவர் கேட்பதால் இதில் வகுப்பின் சாயல் கொஞ்சம் திரும்பி வரும்.

போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் துணை. எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணிடம், தினத்துக்கு ஒரு செயல்பாடு என்று ஐந்து வரியில் எழுதிய தாளைக் கொடுத்துவிடுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்ததும் இதைத்தான். உங்கள் ஊரில் அப்படிப் பணி செய்தவர் இருந்தால் போய்ப் பாருங்கள், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கல்வித் தொலைக்காட்சி வருகிற வீட்டில் நிகழ்ச்சி நேரத்தைச் சொல்லிவையுங்கள், அதோடு பையில் இருக்கும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை தூங்கிவிடும்.

படி 9: பள்ளி திறந்த நாள்

முதல் நாள் தேர்வு வைக்காதீர்கள். பையை எடுத்துவரச் சொல்லி, வட்டமாக உட்கார்ந்து தரையில் கொட்டச் சொல்லுங்கள். யார் கட்டில் ரப்பர் பேண்ட் தளர்ந்து நைந்திருக்கிறது, யாருடையது போட்டது போட்டபடி புதிதாக இருக்கிறது என்று பார்த்தாலே, அடுத்த வாரம் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். குச்சி குறைந்திருந்தால் திட்டாதீர்கள். ஒரு பையன் பையில் ஐம்பதுக்குப் பதில் அறுபத்து நான்கு குச்சி இருந்தது. "பத்தல டீச்சர், அதான் ஆயா வெளக்குமாத்துல இருந்து எடுத்தேன்" என்றான்.