ஆற்று இடுக்குகளிலும் அருவிகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு தேசியப் பூங்காவின் ஆற்று இடுக்கில், முதன்முறையாக வந்திருந்த இளைஞர்கள் சிலர் அண்ணாந்து பார்த்து, மேகமே இல்லை என்று மகிழ்ந்து தண்ணீரில் இறங்குவதைக் கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் இறங்கினேன். காலணி, குடிநீர், குப்பை பற்றியெல்லாம் நுழைவாயில் பலகைகளே சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைக்கு மேலுள்ள வானத்தை நம்புவது

இடுக்கின் அடியில் நிற்பவருக்கு இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு கீற்று வானம்தான் தெரியும். அவர் காலடியில் ஓடும் தண்ணீரோ, பல கிலோமீட்டர் தொலைவு வரை பரந்த நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே பெய்யும் மழை, பாறையும் இறுகிய மண்ணுமான நிலத்தில் ஊறாமல் வழிந்து, ஓடைகளாகச் சேர்ந்து, சில மீட்டர் அகலமே உள்ள இடுக்குக்குள் புகுகிறது. பக்கவாட்டில் பரவ இடமில்லாத நீர் மேல்நோக்கித்தான் உயர முடியும் என்பதால், கணுக்கால் ஆழத்தில் ஓடிய ஆறு சில நிமிடங்களில் ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு ஏறிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில், ஆன்டலோப் கேன்யன் என்னும் இடுக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் உயிரிழந்தது, ஆற்றின் மேற்பகுதியில் தொலைவில் பெய்த மழையால் வந்த வெள்ளத்தில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இறங்கிய அந்த நாளில், எங்கள் குழு மணல்திட்டு ஒன்றில் உணவருந்திக்கொண்டிருந்தது. முதலில் நீரின் நிறம் மாறியது. அடியிலிருந்த கூழாங்கற்கள் மறைந்து, தண்ணீர் செம்மண் கலங்கலானது. பிறகு சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. மேலே யாரோ ஆற்றில் இறங்கி நடக்கிறார்கள் போலும் என்று எண்ணி நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த எண்ணத்தில் கழிந்த நிமிடங்களுக்குள், நாங்கள் கடந்து வந்த துறை இடுப்பளவு நீரில் மூழ்கிவிட்டது. வழிகாட்டி எங்களை அவசரமாகப் பாறை விளிம்பு ஒன்றுக்கு ஏற்றிவிட்டார். ஏறும்போது வழுக்கி விழுந்த நண்பருக்குக் கணுக்கால் முறிந்தது. இரவு முழுவதும் அவருடைய வலியைக் கேட்டபடி அங்கேயே இருந்தோம். விடிந்தபோது நீர் வடிந்திருந்தது. அவர் நடை இன்றுவரை பழையபடி ஆகவில்லை.

ஆகவே கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில், நீங்கள் நிற்கப்போகும் இடத்தின் வானிலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பகுதியின் மழை முன்னறிவிப்பையும் கேளுங்கள். மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனெனில் மழையே இல்லாத நாளிலும் அணைநீர் ஆற்றை உயர்த்திவிடும். ஓய்வெடுக்க உட்காரும் இடத்தில் நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, அது நனைகிறதா என்று அடிக்கடி பாருங்கள். நீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, ஓசை தடித்தாலோ உடனே மேட்டில் ஏறுங்கள். கீழ்நோக்கி ஓடி வெள்ளத்தை முந்த எவராலும் முடியாது. எதிர்க்கரையில் விட்டுவந்த பையை எடுக்க ஆற்றைக் கடக்க வேண்டாம். முழங்காலை எட்டாத விரைநீரே வளர்ந்தவரைச் சாய்த்துவிடும்.

வெயில் அடிக்கும்போது பாதையை ஏன் மூடுகிறீர்கள் என்று வனக்காவலரிடம் வாதிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் ஆற்றாமையும் கோபமும் வருகின்றன. அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில், நாரோஸ் என்னும் இடுக்கு, ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடப்படுகிறது. திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் மூடப்படுகிறது. அந்த முடிவை எடுப்பவர் ஆற்றையும் அது பிறக்கும் மேட்டு நிலத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். வாதிடுகிறவர் பார்ப்பது அந்த ஒரு கீற்று வானத்தை மட்டுமே.

அருவியின் உச்சியில் நீரில் இறங்குவது

இறங்காதீர்கள். அங்கே நீர் அமைதியாகத் தெரிவது ஆழத்தாலும் வழவழப்பான பாறையாலும்தான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2011 ஜூலையில், வெர்னல் அருவியின் உச்சியில் தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்கிய மூவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

அருவி விழும் மடுவில் குதிப்பது

நுரைத்த நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அது உடலைத் தாங்கும் அளவு குறைகிறது. நன்றாக நீந்துகிறவரும் எதிர்பார்த்ததைவிட ஆழமாக அமிழ்வார். விழும் நீரின் சுழற்சி அவரை மீண்டும் அருவியின் அடிக்கே இழுக்கும். போன ஆண்டு ஆழமாக இருந்த மடுவில் இந்த ஆண்டு வெள்ளம் ஒரு பாறையை உருட்டிவந்து போட்டிருக்கலாம்.

கைபேசியை நம்பிச் செல்வது

உயர்ந்த சுவர்களுக்கிடையே பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. திரும்பும் நேரத்தை வெளியில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இறங்கிய நேரத்தைக் கொண்டு ஏறும் நேரத்தைக் கணிப்பது

இடுக்குப் பயணத்தில் இறக்கம் முதலில் வருவதால், களைத்த பின்தான் ஏற்றம் தொடங்குகிறது. இறங்க ஒரு மணி நேரம் ஆனால், ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அடிவாரத்தில் கதிரவன் சுவருக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும் என்பதால், நண்பகலிலேயே கைவிளக்கு பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம்.